நீண்ட மடலும் பேரிங் தபாலும்

வாசகர் கேள்வி:

அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்று, காங்கயத்தில் வசிக்கிறேன். கொங்கு நாட்டுக் கல்வெட்டுகள், நடுகற்கள், பழைய ஊர்ப்பெயர்கள் ஆகியவற்றில் ஆர்வம் கொண்ட 180 பேர் மின்னஞ்சல் வழியே கருத்துப் பரிமாறிக்கொள்ளும் குழு ஒன்றில் நான்கு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு துண்டுக் கல்வெட்டைப் பற்றி ஏறத்தாழ 3,000 சொற்களில் மடல் எழுதினேன். என் ஐயத்திற்கு ஒருவரும் விடை சொல்லவில்லை. வயதில் இளையவர் ஒருவர், "இதைப் படிக்கிறதுக்கு ஒரு நாள் லீவு போடோணுமுங்கய்யா" என்று அனைவருக்கும் எழுத, பத்துப் பன்னிரண்டு பேர் சிரித்து வைத்தார்கள். பொறுப்பாளரும் "இனிச் சுருக்கமாக எழுதவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சுருக்கினால் ஆதாரம் போய்விடுகிறதே! நீளமாக எழுதுவது நாகரிகக் குறைவா? அந்த இளைஞருக்கு நான் எழுதி வைத்திருக்கும் பதிலை அனுப்பலாமா? இரண்டு மடல்களையும் இணைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற அஞ்சல் அலுவலர், காங்கயம்

பதில்:

அன்புள்ள ஐயா,

நீளமாக எழுதுவது நாகரிகக் குறைவு அன்று. கோவையில் 22 ஆண்டுகளாக அலுவலகக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பதும், அவற்றை எழுதப் பயிற்சி கொடுப்பதுமே என் தொழில். சுருக்கமாக எழுதுகிறேன் என்று தேதியையும் அளவையும் விட்டுவிட்டு, பிறகு அவற்றை விளக்க ஒன்பது மடல்கள் எழுதியவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஆகவே "சுருக்கமாக எழுதவும்" என்ற பொறுப்பாளரின் ஒற்றை வரி உங்களுக்கு எவ்வகையிலும் பயன்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதைச் சுருக்குவது, எதை விட்டுவைப்பது என்று சொல்லாத அறிவுரை அது.

அந்த இளைஞர் செய்ததும் சரியன்று. குறை இருந்தால் உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கலாம். நம் பக்கத்தில் திட்டும்போதுகூட "ங்க" சேர்த்தே திட்டுவோம் என்பதால், அந்த "ங்கய்யா"வில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று நேரில் கேட்டிருந்தால் குரலை வைத்து நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். எழுத்தில் குரல் இல்லாததால் முழுவதும் கேலியாகவே வந்து விழுந்திருக்கிறது.

ஆனால், நீங்கள் இணைத்தனுப்பிய மடலை இரண்டு முறை படித்த பிறகு, அவருடைய எரிச்சலுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல உங்கள் துறையிலிருந்தே ஓர் உவமையை எடுத்துக்கொள்கிறேன். பேரிங் தபாலை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அனுப்புபவர் அஞ்சல்தலை ஒட்டாமல் பெட்டியில் போட்டுவிடுவார். தபால்காரர் வாசலில் நின்று, கடிதம் பெறுபவரிடம் இருமடங்கு கட்டணம் கேட்பார். கட்ட மனமில்லாதவர் கடிதத்தை வாங்காமல் திருப்பிவிடுவார். அதைத் தவிர, நீங்கள் பணியில் இருந்த காலம் முழுவதும் எழுத்தின் நீளத்துக்கு விலை கொடுத்தவர் அனுப்புபவரே. குறிப்பிட்ட எடையைத் தாண்டினால் கூடுதல் அஞ்சல்தலை ஒட்ட வேண்டும். தந்தி என்றால் சொல்லுக்குச் சொல் காசு. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்படும் வரை, கவுண்டரில் நின்று படிவத்தில் எழுதியதை அடித்து அடித்துக் குறைத்தவர்களை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்! மின்னஞ்சலில் அந்தச் செலவு அனுப்புபவரை விட்டு இறங்கிவிட்டது, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. அது படிப்பவரின் நேரமாக மாறி, அவர் வாசலில் போய் நிற்கிறது. உங்கள் 3,000 சொற்களைப் படிக்கப் பதினைந்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 180 பேருக்கும் சேர்த்து 45 மணி நேரம். அவர்களில் பெரும்பாலோர் வாங்காமல் திருப்பிவிட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது.

இந்தச் சிக்கல் மின்னஞ்சலோடு சேர்ந்தே வளர்ந்தது. இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஒரு பிரிவு 1995 அக்டோபரில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1855 என்னும் இணைய நாகரிக வழிகாட்டியில், நூறு வரியைத் தாண்டும் மடலை நீண்ட மடல் என்று கொள்ளலாம் என்றும், அப்படிப்பட்ட மடலின் பொருள் வரியிலேயே "நீளம்" என்று குறிப்பிட்டுவிட்டால் பெறுபவர் நேரம் ஒதுக்கிப் படிப்பார் என்றும் எழுதியிருக்கிறார்கள். இணைய இணைப்புக்கு நிமிடக் கணக்கில் பலர் கட்டணம் கட்டிய காலம் அது. இப்போது நிமிடக் கணக்கு போய்விட்டது, வரி எண்ணிக்கையும் கைப்பேசித் திரையில் பொருளிழந்துவிட்டது. ஆனாலும், நீளமாக எழுதாதே என்று தடுக்காமல், நீளம் என்று முன்கூட்டியே சொல் என்று மட்டும் அவர்கள் கேட்டார்களே, அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். நான் பயிற்சி வகுப்புகளில் சொல்வதும் ஏறத்தாழ இதுதான். எழுதுபவர் அரை மணி நேரம் கூடுதலாக உழைத்து, படிப்பவரின் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தால், அவர் எவ்வளவு நீளமாகவும் எழுதலாம். அந்த அரை மணி நேரம்தான் நீங்கள் ஒட்ட வேண்டிய அஞ்சல்தலை.

இனி உங்கள் மடலுக்கு வருகிறேன். பொருள் வரியில் "வணக்கம்" என்று மட்டும் இருக்கிறது. முதல் நான்கு பத்திகளில் கொங்கு மண்டலம் 24 நாடுகளாகப் பிரிந்திருந்ததைச் சொல்லி, பூந்துறை நாட்டில் தொடங்கி 24 பெயர்களையும் எழுதியிருக்கிறீர்கள். குழுவில் இருக்கும் 180 பேரில் இது தெரியாதவர் ஒருவர்கூட இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இது தெரிந்ததால்தானே அவர்கள் அந்தக் குழுவில் சேர்ந்தார்கள்? ஐந்தாம் பத்தி முதல் ஏழாம் பத்தி வரை, காலைப் பேருந்தைத் தவறவிட்டது, மழைக்கு ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கியது, கடைக்காரம்மா "அந்தக் கல்லுல தானுங்க நாங்க சின்னதுல புளி கொட்டுவோம்" என்று வழி காட்டியது ஆகியவை வருகின்றன. எட்டாம் பத்தியில் கோவில் படிக்கட்டும் கல்லும் வருகின்றன. அதன் பின் கல்லின் அளவு, நான்கு வரிகளின் வாசிப்பு, முன்பு வேறு இடங்களில் நீங்கள் கண்ட கல்வெட்டுகளோடு ஒப்பீடு என்று ஐந்து பத்திகள். கடைசிக்கு முந்தைய பத்தியின் நடுவில்தான், மூன்றாம் வரியில் ஆண்டைக் குறிக்கும் "யாண்டு" என்ற சொல்லுக்குப் பின் வரும் குறி "ய" எழுத்தா, அதைப் போலவே தோற்றம் தரும் பத்து என்னும் தமிழ் எண்ணா என்ற கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டதும் அடுத்த வாக்கியத்திலேயே நன்றி சொல்லத் தொடங்கிவிட்டீர்கள்.

நல்ல கேள்வி அது. எண் என்றால் அது ஆட்சியாண்டைச் சொல்கிறது; எழுத்து என்றால் அடுத்த சொல் அங்கே தொடங்குகிறது. வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் படத்தைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் கருத்துச் சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு நிமிட வேலையை அடைவதற்கு அவர் முதலில் பதின்மூன்று பத்திகளைக் கடக்க வேண்டியிருந்தது.

இதே செய்தியை நான் எப்படி அமைத்திருப்பேன் என்று எழுதிக் காட்டுகிறேன். பொருள் வரி இப்படி இருக்கும்:

"துண்டுக் கல்வெட்டு, 3ஆம் வரி: எண் 10ஆ, 'ய' எழுத்தா? வாசிப்பு உதவி தேவை (நீண்ட மடல்)"

மடலின் தொடக்கம் இப்படி:

"அனைவருக்கும் வணக்கம். காங்கயம் பக்கம் ஒரு கோவில் படிக்கட்டில் பதிந்திருக்கும் துண்டுக் கல்லில் நான்கு வரிகள் எஞ்சியுள்ளன. மூன்றாம் வரியில் 'யாண்டு' என்ற சொல்லுக்குப் பின் வரும் குறியை நான் எண் 10 என்று படிக்கிறேன். 'ய' என்ற எழுத்தாகவும் இருக்கலாம். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் இணைப்பிலுள்ள படத்தைப் பார்த்து, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும். கல்லின் அளவு, நான்கு வரிகளின் வாசிப்பு, எண் என்று நான் கருதுவதற்கான காரணங்கள், போய்வந்த கதை ஆகியவை இதே வரிசையில் கீழே உள்ளன. கேள்விக்கு விடை சொல்ல அவற்றைப் படித்தாக வேண்டும் என்பதில்லை."

இதற்குக் கீழே உங்கள் 3,000 சொற்களையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரும் லீவு கேட்க மாட்டார். அந்தக் கடைசி வாக்கியம் மிகவும் முக்கியமானது. படிப்பவர் குற்ற உணர்ச்சியில்லாமல் எழுந்து போகலாம் என்று நாம் கதவைத் திறந்து வைக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், கதவு திறந்திருந்தால்தான் பலர் உள்ளேயே உட்கார்ந்து முழுவதையும் படிக்கிறார்கள்.

கல்வெட்டு படிக்கும் உங்களுக்கு இது புதிதன்று. முதலாம் ராஜராஜன் காலம் முதல் சோழர் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி என்னும் அரசர் புகழுரை எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். போர்களையும் வென்ற நாடுகளையும் அடுக்கிக்கொண்டு போகும் அந்த வரிகளைக் கண்டு நீங்கள் சலித்துக்கொள்வதில்லை. ஏனென்றால் அவற்றின் இடம் முறையாக அமைந்திருக்கிறது. "யாண்டு" என்ற சொல் எங்கே வருகிறது என்று கண்ணை ஓட்டினால், அதற்கு முன்னால் இருப்பது புகழ், பின்னால் வருவது யார் எதற்கு என்ன கொடுத்தார் என்ற செய்தி என்று தெரிந்துவிடும். கொடையை மட்டும் அறிய விரும்புபவர் நேரே அங்கே போய்விடலாம். ஆட்சியாண்டை மட்டும் சொல்லி உடனே கொடைக்கு வந்துவிடும் கல்வெட்டுகளும் உண்டு. நீண்ட மடலில் உட்தலைப்புகள் செய்யும் வேலை, அந்த "யாண்டு" செய்யும் வேலைதான். பத்திகளின் மேல் "கல்லின் அளவு", "வாசிப்பு", "காரணங்கள்" என்று இரண்டொரு சொற்களில் எழுதி வைத்தால் போதும். தடித்த எழுத்தும் வண்ணமும் தேவையில்லை.

நம் பழைய கடிதங்களிலும் இதற்கு ஒரு சொல் இருந்தது. "இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் நலமறிய அவா" என்று எழுதிவிட்டு, "நிற்க" என்று ஒரே சொல்லைத் தனியாக வைப்பார்கள். உபசாரம் முடிந்தது, விஷயம் தொடங்குகிறது என்று அதற்குப் பொருள். அவசரக்காரர் அந்த "நிற்க"வைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து படிப்பார். இப்போது யாரும் "நிற்க" எழுதுவதில்லை. எழுதினால் யாரையோ நிற்கச் சொல்கிறோம் என்று இளையவர்கள் நினைத்துக்கொள்ளக்கூடும். சொல் போனாலும் அதன் வேலையை வேறு ஏதாவது ஒன்று செய்துகொண்டிருக்க வேண்டும்.

பெறுபவர் பலராக இருக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மடலில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வரி தேவைப்படும். சில ஆண்டுகளுக்கு முன் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்குப் பயிற்சி கொடுக்கப் போனபோது, அதற்கு முந்தைய மாதம் நடந்த ஒரு குளறுபடியைக் காட்டினார்கள். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர், சாயப்பட்டறை, தையல் பிரிவு, பேக்கிங் பிரிவு, வாங்குபவர் சார்பில் இயங்கும் பையிங் ஆபீஸ் என்று 14 பேருக்கு இரண்டு பக்க மடல் அனுப்பியிருந்தார். முதல் பக்கம் முழுவதும் லேப் டிப் என்னும் சாய நிற மாதிரி எப்படி மூன்று முறை திரும்பி வந்தது என்ற வரலாறு. ஷிப்மென்ட் நான்கு நாள் முன்னதாகப் போக வேண்டும் என்ற செய்தி ஆறாவது பத்தியில் இருந்தது. பேக்கிங் பிரிவுக்காரருக்கு லேப் டிப்போடு என்ன வேலை? இது நமக்கில்லை என்று முதல் பத்தியிலேயே மூடிவிட்டார். கடைசியில் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. எழுதியவர் ஒரு தகவலையும் விட்டுவிடவில்லை என்பதைத்தான் அங்கே இருந்த எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாருக்கு எது என்று முதல் மூன்று வரிகளில் பிரித்துச் சொல்லியிருந்தால், மீதி இரண்டு பக்கம் இருந்ததில் ஒரு கேடும் வந்திருக்காது.

உங்கள் கேள்வியைப் பலர் பார்க்காமல் போனதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் இருந்திருக்கலாம். ஜிமெயிலில் மடலின் அளவு ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டினால், அதற்கு மேல் உள்ள பகுதியைக் காட்டாமல் வெட்டிவிட்டு, முழு மடலையும் காண ஓர் இணைப்பை மட்டும் கீழே வைக்கும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்றால், யூனிகோடு என்னும் பொது எழுத்துக் குறியீட்டில் நம் "க" மூன்று பைட்டும் "கு" ஆறு பைட்டும் எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் 3,000 தமிழ்ச் சொற்களே ஏறத்தாழ 80 கிலோபைட் ஆகிவிடும். நீங்கள் வேர்டில் எழுதி, நகலெடுத்து ஒட்டியதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்போது கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குறிகளும் சேர்ந்து ஏறிக்கொள்ளும். கேள்வி கடைசிக்கு முந்தைய பத்தியில் இருந்தது என்பதை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒட்டும்போது வடிவமைப்பு இல்லாமல் வெறும் எழுத்தாக ஒட்டும் வசதி பெரும்பாலான மின்னஞ்சல்களில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மடலின் நடுவில் பழைய வாசிப்பு ஒன்றை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அது பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சானது போலும். என் திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகவே தெரிந்தது. யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்றது 2010 ஜூனில், நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே நாள்களில். அதற்கு முன் தட்டச்சான கோப்புகள் ஏதேனும் உங்களிடம் இருந்தால், எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடாக்கி, ஒரு முறை படித்துப் பார்த்த பிறகே மடலில் சேர்க்க வேண்டும்.

படங்கள் 22 மெகாபைட் என்றும், முதலில் மடல் திரும்பி வந்துவிட்டதால் மூன்று மடல்களாகப் பிரித்து அனுப்பியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜிமெயிலின் வரம்பு 25 மெகாபைட்தான். ஆனால் இணைப்புகள் அஞ்சலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும் என்பதால், 22 மெகாபைட் அதைத் தாண்டிவிடும். 180 பேருக்கும் முழு அளவுப் படம் தேவையில்லை. சிறிதாக்கிய ஒரே படத்தை அனைவருக்கும் அனுப்பி, கேட்பவருக்கு மட்டும் மூலப் படத்தைக் கூகுள் டிரைவ் இணைப்பாகக் கொடுத்தால் போதும்.

சுருக்கினால் ஆதாரம் போய்விடும் என்ற உங்கள் கவலையை நான் முழுவதும் ஏற்கிறேன். ஏற்கெனவே அச்சில் வந்த ஒரு வாசிப்பைத் தவறு என்று நீங்கள் சொல்லும்போது, வரிக்கு வரி காரணம் காட்டாமல் சுருக்கமாகச் சொல்வதுதான் நாகரிகக் குறைவு. உங்களிடம் ஒருவர் விரிவாகக் கேட்டு, அதற்கு விரிவாகப் பதில் எழுதுவதிலும் தவறில்லை. களப்பயணத்தில் எடுத்த அளவுகளைப் பதிவு செய்து வைக்கும் மடல், இன்னும் பத்து ஆண்டு கழித்து எவராவது தேடி எடுக்கப் போவது; அதில் ஓர் அங்குலத்தையும் விட்டுவிடாதீர்கள். அத்தகைய மடல்களுக்கும் மேலே ஐந்து வரிச் சுருக்கம் வைக்கலாம், அல்லது நீண்ட பகுதியைப் பி.டி.எஃப். ஆக்கி இணைத்துவிட்டு, சுருக்கத்தை மட்டும் மடலில் எழுதலாம். கைப்பேசியில் படிப்பவர்களுக்கு இரண்டாவது வழி எளிது. மடலை நான்கு பகுதிகளாகப் பிரித்து நாளுக்கொன்றாக அனுப்பச் சிலர் சொல்வார்கள். தொடர் கட்டுரைக்கு அது பொருந்தும், கேள்விக்குப் பொருந்தாது; நான்காம் நாள் கேள்வி வந்து சேர்வதற்குள் முதல் நாள் படித்ததை மறந்திருப்பார்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை எழுதாமல் இருக்கலாமா என்று கேட்டால், 24 நாடுகளின் பட்டியலை நான் தயங்காமல் எடுத்துவிடுவேன். காங்கய நாட்டு எல்லைக்குள் கல் இருக்கிறது என்பது மட்டும் உங்கள் வாதத்துக்குத் தேவை. அதற்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் தேநீர்க் கடைப் பத்தியை எடுக்க வேண்டாம். புளி கொட்டிய கல் என்ற அந்தச் செய்தி, எழுத்து ஏன் அங்கங்கே தேய்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு சான்றாகவே இருக்கக்கூடும். அதைப் பயணக் கதையிலிருந்து எடுத்து, காரணங்கள் என்ற தலைப்பின் கீழ் வையுங்கள். தவறவிட்ட பேருந்து கடைசியில் வரட்டும்; விரும்புபவர்கள் படித்துக்கொள்வார்கள்.

உங்கள் மடலுக்கு வந்த பதில்களிலும் ஒரு குறை கண்டேன். அது உங்களுடையது அன்று என்றாலும் சொல்லிவிடுகிறேன். "அருமை ஐயா" என்று இரண்டு சொற்கள் எழுதிய மூவர், உங்கள் 3,000 சொற்களையும் அப்படியே கீழே சுமந்துகொண்டு 180 பேருக்கும் திரும்ப அனுப்பியிருக்கிறார்கள். பாராட்டை உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். கருத்துச் சொல்பவர்கள், தாம் எந்த வரிக்குப் பதில் எழுதுகிறார்களோ அந்த ஒரு வரியை மட்டும் மேற்கோளாக விட்டுவிட்டு மற்றதை நீக்குவது நல்ல வழக்கம். பொறுப்பாளர் ஒரு வரி எழுதத்தான் வேண்டும் என்றால், இதைப் பற்றி எழுதியிருக்கலாம்.

கடைசியாக, அந்த இளைஞருக்கு நீங்கள் எழுதி வைத்திருக்கும் பதில். எண்ணிப் பார்த்தேன், 1,800 சொற்களுக்கு மேல் இருக்கிறது. அவருடைய ஒரு வரியை ஏழு துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் மறுப்பு எழுதியிருக்கிறீர்கள்; மொழி நன்றாக இருக்கிறது, இரண்டு இடங்களில் நானே சிரித்துவிட்டேன். ஆனால் ஒரு வரிக் கேலிக்கு 1,800 சொல்லில் பதில் போனால், அவர் சொன்னது உண்மைதான் என்று நீங்களே சான்று எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். அனுப்ப வேண்டாம். நான் முன்பு சொன்ன 1995ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே, கோபத்தில் எழுதியதை ஓர் இரவு கழித்து அனுப்புங்கள் என்று இருக்கிறது. நீங்கள் ஒரு மாதமே காத்திருந்து என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அவருக்கு ஏதேனும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றினால், பெறுநர் கட்டத்தில் குழுவின் முகவரி இல்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டு, இப்படி எழுதலாம்:

"தம்பி, உங்கள் மடல் கண்டேன். எல்லோர் முன்னிலையிலும் சொன்னது வருத்தமாக இருந்தது. ஆனால் கேள்வியை நான் கடைசியில் வைத்தது தவறுதான். அந்த மூன்றாம் வரியைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்."

குழுவுக்கு மேலே காட்டிய அமைப்பில் புதிய மடலாகவே எழுதுங்கள். பழைய மடலுக்குப் பதிலாகத் தொடுத்தால் அந்தச் சிரிப்புகளும் கூடவே வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கருத்துகள் கிடைத்தால், யார் என்ன சொன்னார், நீங்கள் எதை ஏற்றீர்கள் என்று நான்கு வரி எழுதி முடித்து வையுங்கள். படங்களில் மூன்றாவதாக நீங்கள் அனுப்பியதில் வெயில் பக்கவாட்டில் விழுந்திருப்பதால், அந்தக் குறியின் கீழ்ப் பகுதி மற்ற இரண்டையும்விடத் தெளிவாகத் தெரிகிறது. இணைக்கும்போது அதை மட்டும் இணையுங்கள்.